கண்ட விடையை அச்சேற்றலாமா?

பையர் ஒருவர் ஸ்மால் 170, மீடியம் 390, லார்ஜ் 410, எக்ஸ்எல் 230 என்று மொத்தம் 1,200 டி-சர்ட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருப்பூர்க் கட்டிங் மாஸ்டர் ஒருவர் முதல் மார்க்கரில், அதாவது துணியை வெட்டும் வரைபடத்தில், ஒரு ஸ்மால், இரண்டு மீடியம், இரண்டு லார்ஜ், ஒரு எக்ஸ்எல் வைத்து 170 அடுக்கு விரிக்கிறார். மீடியம் 50, லார்ஜ் 70, எக்ஸ்எல் 60 மிச்சம். இரண்டாவது மார்க்கரில் மூன்று சைஸிலும் ஒவ்வொன்று, 50 அடுக்கு. இப்போது லார்ஜ் 20, எக்ஸ்எல் 10 மட்டும் நிற்கிறது. இரண்டு லார்ஜும் ஒரு எக்ஸ்எல்லும் கொண்ட மூன்றாவது மார்க்கரை 10 அடுக்கு விரித்தால் கணக்கு துல்லியமாக முடிந்துவிடும். பக்கத்துக் கம்பெனி மாஸ்டர் வேறு மாதிரி யோசிக்கிறார். சைஸுக்கு 5 சதவீதம் முன்பின் இருந்தால் பையர் ஏற்றுக்கொள்வார் என்பதைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது லேயை (துணி விரிப்பை) 65 அடுக்காக்குகிறார். மீடியம் 405, லார்ஜ் 405, எக்ஸ்எல் 235 வருகிறது. எல்லாம் எல்லைக்குள் அடங்கிவிட, மூன்றாவது லே தேவையில்லாமல் போகிறது.

இரண்டு பேரும் செய்தது கணிதம்தான். முழு எண்களை வைத்துச் செய்யும், சுலபமில்லாத கணிதம். இதை எழுதி வெளியிட்டால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், "இதெல்லாம் யாராவது ஏற்கெனவே செஞ்சிருப்பாங்க" என்பார்கள். பள்ளிக் கணக்கொன்றுக்குப் புது வழி கண்ட ஆசிரியரிடமும், பழைய தேற்றத்துக்குத் தானே ஒரு நிரூபணம் கண்ட கல்லூரி மாணவியிடமும் இதே பதில்தான் சொல்லப்படுகிறது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, நம் மண்ணிலேயே நல்ல சாட்சிகள் இருக்கின்றன.

திருப்பூரிலிருந்து ரயிலில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ஈரோடு. 1887 டிசம்பர் 22இல் ராமானுஜன் பிறந்தது அங்கே, தாய்வழிப் பாட்டி வீட்டில். கும்பகோணத்துக்காரர் என்றே அவரை எண்ணிப் பழகிவிட்டதால், நூலும் சாயமுமாகக் கிடக்கும் இந்த வட்டாரம் அவரைத் தன்னோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அச்சில் அவர் முதலில் தெரிந்தது 1911இல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில். பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை அந்த ஆண்டு வந்தது. அதே ஆண்டில் இதழின் வினாப் பகுதியில் அவர் கேள்விகளும் வரத் தொடங்கின. தீராத கணக்கை அச்சில் போடுவது, வாசகர் விடை அனுப்புவது, நல்ல விடையைப் பெயரோடு வெளியிடுவது என்பது அந்தப் பகுதியின் வழக்கம்.

அந்த வழக்கம் லண்டனிலிருந்து வந்தது. 1847 முதல் அங்கே வெளிவந்த 'எஜுகேஷனல் டைம்ஸ்' என்ற கல்வி இதழ் கணக்குகளையும் விடைகளையும் தொடர்ந்து வெளியிட்டது. அதற்கு எழுதியவர்களில் ஒருவர் வி. ராமசாமி ஐயர். மாணவராக இருந்தபோதே அனுப்பிய விடைகளைப் பார்த்து, ஏதோ கல்லூரிப் பேராசிரியர் என்று இதழ்க்காரர்கள் நினைத்துவிட்டார்கள். 'புரொஃபசர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அவர் டெபுடி கலெக்டரானார். 1907இல் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. 1910இல் திருக்கோவிலூரில் ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றதும் அவர் முன்னால்தான். வெளியிட்ட சின்ன விடைகள் ஓர் அரசு அதிகாரியைக் கணிதக்காரராக்கின, அந்த அதிகாரி ஓர் இதழுக்கு வழி செய்தார், அந்த இதழ் ராமானுஜனை வெளியே கொண்டுவந்தது. இதில் முதல் கண்ணி உலகத்துக்குப் புதிதான விடையாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ராமானுஜனின் 289ஆவது கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1ஐயும், 2 மடங்கு ஒரு வர்க்கமூலத்தையும் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் மூலத்துக்குள் 1ம், 3 மடங்கு இன்னொரு மூலமும். அதற்குள் 1ம், 4 மடங்கு மற்றொன்றும். இப்படி முடிவில்லாமல் போகும் √(1+2√(1+3√(1+4√…))) என்பதன் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள், ஆறு மாதம் ஆகியும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே எழுதினார். விடை 3. வழி எளிது: 3இன் வர்க்கம் 9, அது 1+2×4. உள்ளே வந்த 4இன் வர்க்கம் 16, அது 1+3×5. 5இன் வர்க்கம் 1+4×6. இப்படி உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம்.

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இதே தந்திரத்தை 4இலிருந்து தொடங்கிப் பாருங்கள். 16 என்பது 1+2×7.5. 7.5இன் வர்க்கம் 56.25, அதை 1+3×18.4166… என்று எழுதலாம். இதையும் முடிவில்லாமல் நீட்டலாம். அப்படியானால் விடை 4 என்றும் சொல்லிவிடலாமா? முடியாது. அடுக்கு நீள நீள மதிப்பு உண்மையாகவே ஓரிடத்தில் போய் நிற்கிறதா, எங்கே நிற்கிறது என்று காட்ட வேண்டும். ராமானுஜனின் விடையில் அந்தப் பகுதி இல்லை. இன்றைய நடுவர் யாராவது திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

திருப்பி அனுப்பாமல் அச்சிட்டதால் என்ன நடந்தது? 1927இல் ராமானுஜனின் கட்டுரைகள் தொகுப்பாக வந்தபோது, இப்படிப்பட்ட அடுக்கு மூலம் எப்போது ஒரு மதிப்பில் நிலைக்கும், எப்போது நிலைக்காது என்பதற்குச் சரியான நிபந்தனையைத் தி. விஜயராகவன் கொடுத்தார். அவரும் தமிழர், ராமானுஜனைப் போலவே இங்கிலாந்துக் கணிதவியலர் ஹார்டியிடம் போனவர். உள்ளே வரும் எண்கள் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதற்கு அது வரம்பு சொல்கிறது. குறையுள்ள விடை ஒன்று அச்சில் இருந்ததால்தான், அதன் குறையைப் பிடித்து இன்னொருவர் தேற்றமாக்க முடிந்தது. நோட்டிலேயே கிடந்திருந்தால் குறை தெரிந்திருக்காது.

விடையைவிடக் கேள்வி நீடித்து வாழ்ந்த கதையும் அந்தப் பக்கங்களில் உண்டு. 1913இல் அவர் கேட்டது: 2ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி வரும் எண்ணிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் வரும்? 8, 16, 32, 128, 32,768 ஆகிய ஐந்துக்கும் வருகிறது. கடைசியில் கிடைப்பது 32,761, அது 181இன் வர்க்கம். இவற்றைத் தவிர வேறு இல்லை என்று நார்வேயின் நாகல் நிரூபித்தது 1948இல். 1959இல் இந்தச் சமன்பாடு பிழைதிருத்தக் குறியீடுகளின் கணிதத்தில் வந்து நின்றது. அதே 1913இல் வந்த மற்றொரு கேள்வி: 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி 1 கூட்டினால் எப்போது வர்க்கமாகும்? 4 வரை பெருக்கினால் 25, 5 வரை 121, 7 வரை 5,041. அதற்கு மேல் ஒன்று உண்டா என்பது இன்னும் தீரவில்லை. இதை 1876இலேயே பிரான்சின் புரோகார்டு கேட்டிருந்தார். அதாவது "ஏற்கெனவே யாராவது" என்பது இங்கே உண்மையாகவே நடந்தது. இருந்தும் அந்தக் கேள்விக்கு இருவர் பெயரும் சேர்ந்தே நிலைத்துவிட்டது, யாருக்கும் நட்டமில்லை.

ஏற்கெனவே தீர்ந்த கணக்குக்குப் புது விடை என்ற இடத்துக்கு வந்தால், என் கட்சிக்கு மிகப் பலமான சாட்சியும் ராமானுஜனே. 1ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பது பெர்ட்ராண்டின் ஊகம். ரஷ்யாவின் செபிஷேவ் அதை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நிரூபித்துவிட்டார். 1919இல் ராமானுஜன் அதற்குத் தன் நிரூபணத்தை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். இரண்டே பக்கம். அவர் கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பிய ஆண்டு, உடல்நலம் கெட்டிருந்த ஆண்டு. முடிவு புதிதில்லை என்று யாரும் அதை ஒதுக்கவில்லை. ஓர் எண்ணின் பாதிக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே குறைந்தது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பகா எண்கள் எப்போதும் இருக்க அந்த எண் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் அந்தப் பக்கங்களின் கடைசியில் எழுதியிருந்தார். 2, 11, 17, 29, 41 என்று போகும் அந்த எண்களுக்கு இப்போது ராமானுஜன் பகா எண்கள் என்று பெயர். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1932இல், ஹங்கேரியின் பத்தொன்பது வயது எர்டோஷ் அதே தேற்றத்துக்கு இன்னொரு நிரூபணம் தந்தார். அவர் வளர்ந்ததும் இப்படியொரு கணக்கு இதழில்தான்: 1894இல் தொடங்கிய ஹங்கேரியப் பள்ளிக் கணித இதழான 'கோமல்', நல்ல விடை அனுப்பிய மாணவர்களின் பெயரையும் படத்தையும் அச்சிடும். எர்டோஷின் படமும் அதில் வந்திருக்கிறது.

அண்மைக் காலத்திலும் இப்படி நடக்கிறது. பித்தாகரஸ் தேற்றத்துக்கு நூற்றுக்கணக்கான நிரூபணங்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பள்ளி மாணவிகளாக இருந்தபோது நெகாயா ஜாக்சனும் கால்சியா ஜான்சனும் திரிகோணமிதி வழியே புதிய நிரூபணங்கள் கண்டார்கள். 2024 அக்டோபரில் 'அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மன்த்லி' இதழ் அவற்றை வெளியிட்டது. ஒரு தேற்றத்துக்கு இன்னும் பத்து நிரூபணம் எதற்கு என்று கேட்பவர்கள் அதே தேற்றத்தைப் பள்ளியில் ஒரே வழியில் மனப்பாடம் செய்து மறந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர், நான்கு இலக்க எண்ணின் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் 6174 வந்துவிடும் என்பதை 1949இல் சென்னை மாநாட்டில்தான் அறிவித்தார். இலக்கம் நான்கும் ஒன்றாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. 3524ஐ எடுத்தால் 3087, 8352, 6174 என்று மூன்றாம் படியிலேயே நின்றுவிடும். அவர் பல காலம் சிறு வெளியீடுகளாகவே அச்சிட்டார். பெரிய கணிதம் என்று யாரும் சொல்லவில்லை. 1975இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்தியில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

எதிர்க்கட்சிக்கும் பலமான வாதம் உண்டு. பொதுவாக ஒரு கோணத்தை அளவு குறிக்காத கோலும் கவராயமும் மட்டும் கொண்டு மூன்று சமபாகமாக்க முடியாது என்று 1837இல் வாண்ட்சல் நிரூபித்துவிட்டார். இருந்தும் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று கடிதம் எழுதுகிறவர்கள் ஓயவில்லை. அண்டர்வுட் டட்லி அவற்றைச் சேர்த்து 1987இல் ஒரு புத்தகமே போட்டார். இன்னொரு வெள்ளம் நம் வீட்டிலேயே பாய்கிறது. ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கப்பட்டது, முனைவர் பட்டத்துக்கு அச்சான கட்டுரை கட்டாயமாக இருந்தது. பணம் கட்டினால் எதையும் வெளியிடும் இதழ்கள் முளைத்தன. பட்டக் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியது. நல்ல இதழ்களுக்கென்று அது வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டது. படிக்க ஆளில்லாமல் அச்சாகும் விடைகளைப் பற்றி எனக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளின் நோய் புதுமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. "புதியது" என்ற முத்திரை அவற்றில் தாராளமாகவே குத்தப்பட்டிருக்கும். படித்து, தவறிருந்தால் திருப்பி அனுப்பும் ஆசிரியர் ஒருவர் இல்லாததுதான் நோய்.

நம் பழைய கணக்கு நூல்களில் இன்னொரு குறையைப் பார்க்கலாம். கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரம் செய்யுளில் கணக்கு சொல்லும் நூல். பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று அறிய அதில் ஒரு விதி: காம்பருகே உள்ள முள்ளை எண்ணி, 6ஆல் பெருக்கி 5ஆல் வகுக்க வேண்டும். பண்ருட்டிப் பழம் ஒன்றை வைத்து யாரும் சோதித்துப் பார்க்கலாம், சரியாக வந்தால் தின்றும் விடலாம். ஆனால் ஏன் 6, ஏன் 5 என்று விதி சொல்லாது. எத்தனை பழத்தில் எண்ணிப் பார்த்தார்கள், எந்த வகைப் பழம், எப்போது தவறும் என்பதெல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டன. நூற்றாண்டுகள் கடந்து விடை வந்து சேர்ந்திருக்கிறது, வழி வந்து சேரவில்லை. வழி இல்லாத விடையை நம்பலாம், நம்பாமல் விடலாம். திருத்த முடியாது.

திருப்பூரின் பெரும்பாலான கணக்குகள் இந்தப் பலாப்பழ நிலையில்தான் இருக்கின்றன. நிட்டிங் மாஸ்டரின் சட்டைப்பை நோட்டில் இந்தக் கவுண்டுக்கு, இந்த லூப் லெங்த்துக்கு, இந்த ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வரும் என்று அட்டவணை இருக்கும். அவருக்கு அது அவருடைய மாஸ்டர் கொடுத்தது. அதே கணக்கின் அச்சான வடிவத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 1953இல் டாய்ல் என்பவர் பின்னல் துணியில் ஓர் அளவு பரப்பில் வரும் கண்ணிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் லூப் நீளத்தையே பொறுத்தது என்று காட்டினார். நாட்டிங்ஹாமின் பின்னலாடை ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த மண்டன், 1959இல் ஜவுளி ஆய்விதழில் அதற்கு வடிவியல் காரணமும் மாறிலிகளும் தந்தார். நனைத்துத் தளரவிட்ட சிங்கிள் ஜெர்சிக்கு அவர் மாறிலி 21.6. நூலின் டெக்ஸை (ஒரு கிலோமீட்டர் நூலின் கிராம் எடையை) மில்லிமீட்டரில் உள்ள லூப் நீளத்தால் வகுத்து அதனால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். 30ஆம் கவுண்டு நூல் ஏறக்குறைய 19.7 டெக்ஸ். லூப் 2.8 என்றால் 152 வரும். 150 ஜி.எஸ்.எம். துணிக்கு 30ஆம் கவுண்டு போடு என்று மாஸ்டர் சொல்வது இதைத்தான். ஆனால் மண்டன் காரணத்தோடு எழுதியதால், முழுதும் தளர்ந்த துணிக்கு மாறிலி இன்னும் கூடும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்த முடிந்தது. காம்பாக்டிங்கில் துணியை எவ்வளவு தள்ளினால் எவ்வளவு திரும்பி வரும் என்று யோசிப்பவருக்கு அந்தக் காரணம்தான் கைகொடுக்கும், அட்டவணை கொடுக்காது.

நூலில் பிறந்த கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை உண்டு. நூலை நீளமாக எடுத்தால் சீக்கிரம் அறும் என்பது ஸ்பின்னிங் மில்லில் எல்லாருக்கும் தெரியும். மான்செஸ்டர் பஞ்சாலை ஆராய்ச்சி நிலையத்தின் பியர்ஸ் 1926இல் அதைக் கணக்காக்கினார்: நூலின் வலிமை அதன் மிக நலிந்த துண்டின் வலிமை, நீளம் கூடக் கூட நலிந்த துண்டு உள்ளே அகப்படும் வாய்ப்பும் கூடும். அதே நிலையத்தின் டிப்பெட், புள்ளியியலர் ஃபிஷரோடு சேர்ந்து 1928இல் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் எப்படிப் பரவும் என்ற பொதுத் தேற்றத்தை எழுதினார். இன்று நூறாண்டு வெள்ளம் எவ்வளவு உயரும் என்று அணைக்காரர்கள் போடும் கணக்குக்கு அடிப்படை அதுதான்.

மார்க்கர் கணக்குக்கும் முன்னோடி உண்டு. லெனின்கிராடின் பிளைவுட் நிறுவனம் ஒன்று எந்த எந்திரத்தில் எந்த மரத்தை உரிப்பது என்று கேட்டதற்கு விடை தேடிய கான்டரோவிச், அதையும், பொருளை வீணாக்காமல் வெட்டும் கணக்கையும் சேர்த்து 1939இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இருபது ஆண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆங்கிலத்தில் அது வந்தது 1960இல், அவருக்கு நோபல் வந்தது 1975இல். அந்த இடைவெளியில் அமெரிக்காவில் ஐபிஎம்மின் கில்மோரும் கொமோரியும் வெட்டும் கணக்குக்குத் தங்கள் முறையை 1961இல் வெளியிட்டார்கள். நம் மார்க்கர் இவற்றைவிடக் கடினமானது. காகிதச் சுருளை வெட்ட நேர்க்கோடு போதும், பனியனின் கைக்குழிக்கும் கழுத்துக்கும் வளைவு வேண்டும். மென்பொருள் நொடியில் அடுக்கிக் காட்டினாலும், இதைவிடச் சிறந்தது இல்லை என்று அதனால் பொதுவாக உறுதி சொல்ல முடியாது. அனுபவமுள்ள பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர் திரையில் இரண்டு பாகத்தைத் திருப்பிப் போட்டு அரை சதவீதம் துணியை மிச்சம் பிடிப்பது இன்னும் நடக்கிறது. உடைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு துணிதான் என்பதால் அந்த அரை சதவீதம் லாபத்திலேயே தெரியும்.

ஏன் அவர் அதை எழுதுவதில்லை? தொழில் ரகசியம் என்பது முதல் பதில். அதற்கும் பழைய முன்னுதாரணம் உண்டு. கின்னஸ் மதுவாலையின் காசெட் சிறு மாதிரிகளைப் பற்றிய தன் முறையை 1908இல் வெளியிட்டபோது, ஊழியர் சொந்தப் பெயரில் எழுதக்கூடாது என்ற கம்பெனிக் கட்டுப்பாட்டால் 'ஸ்டூடண்ட்' என்று கையெழுத்திட்டார். கம்பெனிக்கு நட்டம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை, உலகத்துக்கு டி-சோதனை கிடைத்தது. பையர் யார், விலை என்ன என்பவை ரகசியம். இரண்டு லார்ஜுக்கு நடுவே ஸ்மாலைத் தலைகீழாகச் செருகும் உத்தி ரகசியமாக இருக்கவே முடியாது, ஏனென்றால் மாஸ்டர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவார். ஊரெல்லாம் பரவத்தான் போகிறது, காரணம் மட்டும் உதிர்ந்துபோய்ப் பரவும்.

நடைமுறைக்கு வந்தால், கோவையில் 1956இல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, ஸ்பின்னிங் மில்களின் உற்பத்தியையும் நூல் தரத்தையும் ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டு வருகிறது. மில்காரர்கள் தங்கள் எண்களைக் கொடுக்கிறார்கள் என்பதே போட்டியாளர்கள் கணக்கைப் பகிர்வார்கள் என்பதற்குச் சான்று. பின்னலுக்கும் கட்டிங்குக்கும் அதேபோல் ஒன்று வேண்டும், ஆனால் அறிக்கையாக வேண்டாம். இந்தியக் கணிதக் கழக இதழின் வினாப் பகுதிபோல, மூன்று மாதத்துக்கு இரண்டு பக்கம் போதும். தமிழில், சைஸும் டயாவும் அடுக்கு எல்லையும் கொடுத்த ஒரு கணக்கு, அடுத்த இதழில் வந்த விடைகளில் மூன்று, வழியோடும் மாஸ்டரின் பெயரோடும். அரைகுறை விடையையும் போடலாம், குறை எங்கே என்று ஆசிரியர் குறிப்பெழுத வேண்டும்.

சிக்கல் அந்த ஆசிரியரிடம்தான். கணிதம் தெரிந்த பேராசிரியருக்கு லே விரிப்பது தெரியாது. மாஸ்டருக்கு நிரூபணம் என்றால் துணி மிச்சமாவதுதான். இரண்டும் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள், ஆடைத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஃபேக்டரியில் பிளானிங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ஷிப்மென்ட் தேதிக்கு நடுவே அவர்களில் ஒருவருக்கு இரண்டு பக்கம் திருத்த மாதம் ஒரு நாள் யார் கொடுப்பார்கள் என்பதற்குத்தான் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.